எழுபத்திரண்டு பைண்ட்

லீக்கின் செயலாளர் என்ற முறையில்
ஆண்டுக்கு ஒருமுறை நான் பணிவாகிறேன்.
"மதிப்பிற்குரிய பெல்சேம்பர் பீர் ஆலையினருக்கு,
சோமர்செட்டின் இந்த மூலையில் பதினான்கு அணிகள்,
குளிர்காலச் செவ்வாய் இரவுகள்,
உங்கள் பெயர் தாங்கிய கோப்பை…"
மீதியைப் போன வருடக் கடிதத்திலிருந்து
பார்த்து எழுதிவிடுவேன்.
ஒருமுறை தேதியை மாற்ற மறந்தேன்.
அப்போதும் பணம் வந்தது.

முந்நூறு பவுண்டு. அதோடு பனியன்கள்,
முதுகில் பீப்பாய்மேல் உட்கார்ந்த தவளை.
ஒரு வருடம் எல்லாம் ஒரே அளவு.
ஆலையில் மூட்டை தூக்குபவரை நிற்கவைத்து
அளந்திருப்பார்கள் போலும்.
தபால்காரி டாம்சின்
இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஆடினாள்.
தவளை முழங்கால்வரை தொங்கியது.

எங்கள் ஆட்டம் எளிது.
பப்பின் பின்கட்டில் நீளமான மரத்தளம்,
கோடியில் ஒன்பது கட்டைகள்,
கையில் மூன்று பந்து.
விழுந்ததை நிமிர்த்திவைக்க ஒரு பையன்,
அவனுக்குக் கூலியும் உருளைக்கிழங்கு வறுவலும்.

பன்றி வளர்க்கும் லயனல் சீலி
எறிவதைப் பார்க்க வேண்டும்.
எறிவதில்லை அவர்.
மடியிலிருந்து பூனையை இறக்கிவிடுவதுபோல்
பந்தைத் தளத்தில் விட்டுவிட்டுத்
திரும்பி நடந்துவிடுவார்.
முதுகுக்குப் பின்னால்
மாடிப்படியில் யாரோ விறகை நழுவவிட்ட சத்தம்.
ஒன்பதும்.

குடியை விட்டு அவருக்கு ஆறு வருடம்.
எலுமிச்சையும் சோடாவும், பெரிய கிளாஸில்.
பால் குடித்தாலும் கள்ளென்று சொல்ல
இங்கே பனைமரம் இல்லை.
எல்லோருக்கும் தெரியும்,
ஒருவரும் பேசியதில்லை.
பேசாததால்தான் வந்தது வினை.

பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கு
ஆலையின் பரிசு ஒரு சிறு பீப்பாய்,
எழுபத்திரண்டு பைண்ட்.
முதல் வருடம் வென்றார்,
தோற்ற அணியிடமே உருட்டிவிட்டார்.
கைதட்டினோம்.
மறு வருடமும் வென்றார்.
குலுக்கலில் வைக்கச் சொன்னார்,
மரியாதைக்குத் தானும் ஒரு சீட்டு வாங்கினார்.
விழுந்தது அவர் பெயர்.
கண்ணீர் வரச் சிரித்தோம்,
நான்குபேர் தூக்கி அவருடைய வேனில் ஏற்றினோம்.

வீட்டுக்குப் பதினோரு மைல்.
அந்தப் பதினோரு மைலைப் பற்றி
அவர் இதுவரை எதுவும் சொன்னதில்லை.
விடியலில் பால் எடுக்கக் கதவைத் திறந்தேன்,
என் படியில் பீப்பாய்.
மூடி பிரியவில்லை. மேலே பனி பூத்திருந்தது.
சாலையில் டயர் தடம்
வந்து, போய், மறுபடி வந்திருந்தது.

அந்த வருடக் கடிதத்தை
எதையும் பார்க்காமல் எழுதினேன்.
நான்கு முறை கிழித்தேன்.
பெயர் சொல்லவில்லை,
பரிசை மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டேன்.
பதிலாக ஒப்பந்தத்தின் நகல் வந்தது,
ஏழாவது விதியின் கீழ் கோடு போட்டு:
பரிசு எங்கள் ஆலையின் சரக்காகவே இருக்க வேண்டும்.
அன்று மாலை அந்தத் தவளையை
மிகவும் வெறுத்தேன்.

இறுதி இரவில் ஆலையின் லாரி வந்தது.
ஊறல் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ரோவீனா
ரப்பர் பூட்ஸோடு இறங்கினாள்.
பீப்பாய் இல்லை.
ஆறு மூட்டை,
ஒவ்வொன்றிலிருந்தும் ஆவி.
பார்லிச் சக்கை.
"சாறு இறங்கினபின் மிஞ்சுவது.
இதுவும் எங்கள் சரக்குதான்" என்றாள்,
"வியாழன்தோறும் ஒரு வருடத்துக்கு.
வெல்பவரிடம் பன்றி இருக்குமென்று
யாரோ சொன்னார்கள்."
யாரென்று நான் கேட்கவில்லை.
டாம்சின் தன் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

லயனல் இன்னும் கடைசிக் கையை ஆடவில்லை.
ஆடினார். எட்டு. அது போதும்.
பிறகு மூட்டையைப் பிரித்து
முழங்கைவரை உள்ளே விட்டார்.
மால்ட் வாசனை. முகத்தை ஒரு கணம் திருப்பினார்,
அவ்வளவுதான்.
"சாக்கைத் திருப்பித் தரணுமா?" என்று கேட்டார்.

இந்த வருடக் கடிதம் இன்னும் எழுதவில்லை.
இரண்டு கட்டைகள் பிளந்துவிட்டன,
முந்நூறு போதாது.
அதைச் சொல்வதற்கு முன்னால்
பன்றிகள் நலம் என்று தொடங்கலாமா,
அது முறையாக இருக்குமா என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.